எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்

என் கொழுந்தனுக்கு செட்டிங்ஸ் என்று பெயர் வைத்தவள் நான்தான். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே டிவி ரிமோட்டைக் கையில் எடுத்து, "செட்டிங்ஸைக் கொஞ்சம் பாத்துடறேன்" என்பான். பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. கிளம்பும்போது அந்த வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டுத்தான் கிளம்புவான். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். டிவிக்குப் பின்னால் செருகி வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால், பணம் கட்டிப் பார்க்க வேண்டிய சேனல்கள் எல்லாம் சும்மாவே வரும். தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படமும் வரும். முன்வரிசையில் யாரோ எழுந்து போகும் தலையோடு சேர்த்து வரும்.

இது சட்டப்படி சரியா என்று கேட்டால் பால் வடியும் முகத்தோடு ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"பெட்டி விக்கிறதுல ஒரு தப்பும் இல்ல அண்ணி. அது வெறும் பெட்டி. உள்ள என்ன ஓடுதுன்னு அதுக்கே தெரியாது."

என் நாத்தனாரின் கணவர் கோர்ட்டில் எழுத்தராக இருக்கிறார். அவர்கள் வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதெல்லாம் காப்புரிமைச் சட்டத்துல வரும்மா. விளையாட்டில்ல" என்றார். அடுத்த வாரம் அவர்கள் கூடத்திலும் ஒரு பெட்டி முளைத்திருந்தது. பிள்ளைகள் நச்சரித்தார்களாம். பிள்ளைகள் தூங்கிய பிறகும் டிவி ஓடுகிற சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கத்தான் செய்தது.

செட்டிங்ஸ் செய்துவைத்த இன்னொரு காரியமும் உண்டு. சொந்தத்தில் இருக்கிற அத்தனை வீட்டு வைஃபைக்கும் அவன் ஒரே பெயரையும் ஒரே பாஸ்வேர்டையும் வைத்துவிட்டான். சித்தி வீட்டுக்குப் போனாலும் சரி, பெரியப்பா வீட்டுக்குப் போனாலும் சரி, உள்ளே நுழைந்ததுமே போன் தானாகச் சேர்ந்துகொள்ளும். "சொந்தக்காரங்க வீட்ல போய் பாஸ்வேர்ட் கேட்டுட்டு நிக்கிறது அசிங்கம் அண்ணி" என்பான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

மாமாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் பெட்டி வந்தது. மாமா என்றால் என் மாமனார். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். படுக்கையில் விழுந்ததும் பேச்சும் போய்விட்டது, எதிலும் பிடிப்பும் போய்விட்டது. ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். செட்டிங்ஸ் ஒரு நாள் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் மட்டுமே காட்டுகிற ஒரு சேனலைப் போட்டுவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் நான் டீ கொண்டுபோனபோது மாமா இடது கையால் மெத்தையை அடித்துக்கொண்டிருந்தார். கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை என்று கோபம். சில வாரங்களில் ஒன்றிரண்டு சொற்கள் வந்தன. பயிற்சி கொடுக்க வருகிற பெண், "என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திருட்டுச் சேனல்தான் பண்ணுகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் நோயாளிகள் அனுப்பும் பில்களைப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது கொடுக்கக் கூடாது என்று எழுதுகிறவள் நான். மாமா விழுந்த பிறகு மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கினேன். என் வீட்டுக்காரர் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். மாமாவைத் திருப்பிப் படுக்கவைக்க, துடைத்துவிட, ஊட்ட நான்தான். அனுமதி போனால் ஊரின் மறுகோடியில் இருக்கிற அலுவலகத்துக்குப் போக வேண்டும். அப்புறம் பகலெல்லாம் அவரை யார் பார்ப்பது? அந்த ஒரு காகிதத்தில்தான் எங்கள் குடித்தனமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் மடிக்கணினியைத் திறந்தேன். உள்ளே விடவில்லை. சிறிது நேரத்தில் அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து போன் வந்தது. சின்ன வயசுக் குரல்தான், ஆனால் பத்து வருஷமாகத் தூங்காதவன் மாதிரி பேசினான்.

"அக்கா, பேங்க்காரங்க அனுப்பின எச்சரிக்கைப் பட்டியல்ல உங்க லைன் இருக்கு. உங்க வீட்டு லைன்லேர்ந்து யார் யாரோ பேங்க் கணக்கையெல்லாம் திறக்கப் பாத்திருக்காங்க. ஒரு ரிட்டயர்ட் டீச்சரோட கணக்கைத் துடைச்சே எடுத்துட்டாங்க."

"எங்க வீட்லேர்ந்தா? இங்க நானும் எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவரும்தான் தம்பி இருக்கோம்."

"நீங்க பண்ணலக்கா. எங்கேயோ உக்காந்திருக்கிறவன் உங்க லைன் வழியா போயிட்டு வர்றான். உங்க வீட்டு வாசல்ல நுழைஞ்சு, உங்க விலாசத்தை மாட்டிக்கிட்டு, திருடப் போறான். போலீஸ் தேடினா அவன் கிடைக்க மாட்டான், நீங்கதான் கிடைப்பீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "வீட்ல சும்மா சேனல் வர்ற பெட்டி எதாவது இருக்கா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நான் எதையும் எழுதல. இருந்தா பிடுங்கிடுங்க. அப்படி எதுவும் என் லைன்ல இல்லைன்னு ஒரு உறுதிமொழி அனுப்புங்க. திறந்துவிட்டுடறேன். இன்னொரு தடவை மாட்டினா என் கையில இல்லக்கா."

செட்டிங்ஸைக் கூப்பிட்டேன். வந்தான். வழக்கம்போல ரிமோட்டை எடுத்தான். இந்தத் தடவை நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். பெட்டிக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். போன மாதம் அவன் போடச் சொன்ன புது அப்டேட்டோடு ஏதோ ஒரு செயலி வந்து உட்கார்ந்திருந்தது. அதன் நிபந்தனைகள் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடின. நடுவில் ஓரிடத்தில், உங்கள் இணைப்பில் நீங்கள் பயன்படுத்தாத பகுதியை எங்கள் கூட்டாளிகள் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறீர்கள் என்று பளிச்சென்று எழுதியிருந்தது. திருடனும் கேட்டுவிட்டுத்தான் நுழைந்திருக்கிறான்.

"இதுக்கு யாருடா சரின்னு அமுக்கினது?"

"நான் இல்ல அண்ணி. அப்டேட் வந்த அன்னிக்கு நான் இங்க வரவே இல்லையே." சுற்றுமுற்றும் பார்த்தான். "ரிமோட் யார்கிட்ட இருக்கும்?"

என்னிடம்தான் இருக்கும். மாமாவுக்குச் சேனல் நின்றுவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, திரையில் என்ன கேட்டாலும் சரி, சரி, சரி என்று அமுக்கிவிட்டுத் திரும்ப ஓடுகிறவள் நான்தானே. பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களின் மனுக்களை நாள்பூராவும் தள்ளுபடி செய்வது என் பிழைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. செட்டிங்ஸ் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினான்.

பெட்டியைப் பிடுங்கி அவன் கையில் திணித்து அனுப்பினேன். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தம்பி திறந்துவிட்டான். மாமா அன்று முழுக்க அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சாப்பாட்டைத் துப்பிவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள்.

"அப்பாவை எங்க கூடத்துல கொண்டுவந்து உக்கார வைங்க அண்ணி. எங்க பெட்டிதான் நல்லா ஓடுதே. நீங்களும் நிம்மதியா வேலை பாக்கலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டேன். மதியம் ஊட்டிவிட்டு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மல்யுத்தக் கூச்சல் கேட்டது. இந்தப் பக்கம் நான் பில் பார்த்தேன். இப்படியே போனால் போதும் என்றிருந்தது.

வாரக் கடைசியில் அந்தத் தம்பி மறுபடி கூப்பிட்டான். குரலில் அக்கா என்கிற ஒட்டுதல் இல்லை.

"இன்னும் ஓடுது. நேத்து மதியமும் ஓடியிருக்கு. உறுதிமொழி கொடுத்த பிறகும்."

"சத்தியமா எடுத்துட்டேன் தம்பி."

"உங்க ரவுட்டர் பக்கத்தைப் போன்ல திறங்க. என்னென்ன சேர்ந்திருக்குன்னு படிங்க."

படித்தேன். என் போன். மடிக்கணினி. அதற்குக் கீழே எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர். நான் பிடுங்கிய பெட்டியின் பெயரைப் போலவே இருந்தது, கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் கூட்டம் ஹோவென்று கத்தியது. எங்கள் ரவுட்டர் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. நாத்தனார் வீட்டு ரவுட்டர் கடைசிப் படுக்கையறையில் இருக்கிறது. அவர்கள் கூடத்துப் பெட்டி பக்கத்தில் எது பலமாகக் கிடைக்கிறதோ அதில் சேர்ந்திருக்கிறது. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அதற்குச் சொந்தக்காரர்கள் வீடு எல்லாம் ஒரே வீடுதானே. ஆரம்பத்திலிருந்தே அது எங்கள் லைனில்தான் ஓடியிருக்க வேண்டும்.

மதியம் சட்டப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் திரையில் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ்வேர்ட் கதை உட்பட. பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டுல ஒண்ணுதாம்மா. உங்களுக்குத் தெரியாம அடுத்த வீட்டுக்காரங்க உங்க லைன்ல சேர்ந்திருக்காங்கன்னா, போலீஸ்ல புகார் கொடுத்து அதோட நகலை அனுப்புங்க. உங்க மேல ஒண்ணும் வராது, வீட்லேர்ந்தே வேலை பாருங்க. புகார் இல்லைன்னா அது உங்க பெட்டின்னுதான் நாங்க எடுத்துக்கணும். வீட்டு அனுமதி ரத்தாகும்."

"அடுத்த வீடு என் நாத்தனார் வீடு மேடம்."

"அது எனக்குத் தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறேன்? திங்கட்கிழமைக்குள்ள அனுப்புங்க."

அன்று சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். முதலில் கோர்ட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"பாக்கிறவனைப் பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. ஆனா ஒரு டீச்சரோட பணம் போயிருக்கு. புகார்ல என் விலாசம் வந்தா மறுநாளே சஸ்பெண்ட் பண்ணுவாங்க. கோர்ட்ல வேலை பாக்கிறவன் வீட்ல திருட்டுப் பெட்டின்னு ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும்."

"மூக்குக் கண்ணாடியைத் துடைச்சிட்டு விளையாட்டில்லன்னு சொன்னது நீங்கதானே அண்ணா?" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

செட்டிங்ஸ், தனக்குச் சரக்கு அனுப்புகிறவன் நல்லவன், அவனையே யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்று ஏதேதோ சப்பைக்கட்டு கட்டினான். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க ஆபீஸ் போங்க. அப்பாவை நான் பாத்துக்கறேன். என்னைப் பெத்தவர்தானே. ஒரு குறையும் வராது."

என் வீட்டுக்காரர் எங்கேயோ பெட்ரோல் பங்கிலிருந்து போனில் பேசினார். லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"என் தங்கச்சி வீட்டு மேல போலீஸ் புகாரா? நாளைக்கு யார் மூஞ்சில முழிக்கிறது? ஆபீஸ் போய்ட்டு வந்தா என்ன குடி முழுகிப் போயிடும்? ஊர்ல எத்தனை பொம்பளைங்க போகல?"

எல்லோரும் போன பிறகு மாமாவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். நடந்ததை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"நான் ஆபீஸ் போகட்டுமா மாமா? பகல்ல உங்களை உங்க பொண்ணு பாத்துக்குவா."

அவர் வாயைக் கோணிக்கொண்டு வெகுநேரம் முயன்றார். எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"வே... ண்டாம்" என்றார்.

பெற்ற மகள் முன்னால் துணி மாற்றிக்கொள்ள அவருக்குக் கூச்சம். என்னிடம் அந்தக் கூச்சம் போக ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புகார் எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குற்றம் சாட்டப்படுபவர் விலாசம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு எண்ணையே எழுதி, கடைசி ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் சின்ன மகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக்காரர் தப்புத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கை அந்த எண்ணை அடிக்க மறுத்தது. தியாகம், பெருந்தன்மை என்றெல்லாம் யாரும் எனக்குப் பட்டம் கட்ட வேண்டாம். சண்டை போடத் தெம்பில்லை, அவ்வளவுதான். அது என் பெட்டிதான் என்று எழுதி அனுப்பினேன்.

அனுமதி ரத்தானது. எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. முதல் நாள் விடிந்ததும் மாமாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, நாற்காலியில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என் மணிக்கட்டை விடாமல் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நாத்தனார் கொட்டாவி விட்டபடி கதவைத் திறந்தாள்.

"உங்களுக்கென்ன அண்ணி, ஜாலியா ஆபீஸ் கிளம்பிட்டீங்க. இனிமே நான்தான் வீட்லயே கிடக்கணும்."

பதில் சொல்ல நின்றால் பேருந்து போய்விடும். ஓடினேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. கம்பியில் தொங்கிக்கொண்டே போனைப் பார்த்தேன். குடும்பக் குழுவில் செட்டிங்ஸ் ஒரு செய்தி போட்டிருந்தான்.

"எல்லோர் கவனத்துக்கும். அண்ணி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து அவங்க வீட்டு லைன் கெட்டுப்போச்சு. அங்க போனா யாரும் வைஃபைல சேராதீங்க. நம்ம பெட்டிகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. புது அப்டேட் வந்திருக்கு, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிடுங்க."

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சித்தி, பெரியப்பா, கோர்ட்டுக்காரர். அண்ணி ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா என்று யாரோ ஒரு அத்தை எழுதியிருந்தார். அதற்கும் நாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அவர்களையெல்லாம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் மறைக்கிறார்கள், தெரியாதவர்கள் நம்புகிறார்கள் என்று போனை அணைக்கப் போனேன். அப்போதுதான் இன்னொரு கட்டைவிரல் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரருடையது.